உங்கள் சாஃப்ட்வேர் யாருக்காக எழுதப்பட்டது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் சொல்லும் வார்த்தை ஒன்றுதான். "எனக்கு இதெல்லாம் வராது போலிருக்கு." ஒரு மெனுவைத் திறக்கிறார்கள். உள்ளே இருபது முப்பது கட்டளைகள். வேண்டியது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உடனே தப்பு தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சாஃப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் தப்பு உங்களுடையது இல்லை. அந்த சாஃப்ட்வேரைத் திட்டமிட்டவர்கள் உங்களை நினைத்துத் திட்டமிடவில்லை.

அப்படியென்றால் யாரை நினைத்துத் திட்டமிடுகிறார்கள்? பல நேரங்களில் யாரையும் இல்லை. இதைச் சரி செய்ய எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் பெர்சோனா. அது என்ன என்று பார்ப்போம்.

பெர்சோனா என்றால் என்ன?

சாஃப்ட்வேரைப் பயன்படுத்தப் போகும் ஒருவரைப் பற்றி ஒரு தாளில் எழுதி வைப்பதுதான் பெர்சோனா. பெயர், வயது, வேலை, கம்ப்யூட்டரில் எவ்வளவு பழக்கம், எந்த நேரத்தில் எந்த அவசரத்தில் உட்காருகிறார், என்ன முடிந்தால் நிம்மதியாக எழுந்து போவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஆள் கற்பனை. ஆனால் விவரங்கள் கற்பனை அல்ல. நிஜமான பயன்படுத்துநர்கள் சிலரை நேரில் பார்த்து, பேசி, அவர்களிடம் பொதுவாக இருப்பதைத் திரட்டி எழுத வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து மனதுக்குத் தோன்றியதை எழுதினால் அது பெர்சோனா இல்லை, சிறுகதை.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஆலன் கூப்பர் என்ற அமெரிக்கர். விஷுவல் பேசிக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அந்த மொழிக்கு அடித்தளமான திரை வடிவமைப்புக் கருவியை உருவாக்கி, 1988-ல் மைக்ரோசாஃப்டுக்கு விற்றவர் இவர்தான். அதற்கும் முன்னால், 1983-ல், ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் அந்த ப்ரோக்ராமை முழுதாக கம்பைல் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். மதிய வேளையில் கம்பைல் ஓடவிட்டு, பக்கத்தில் இருந்த கோல்ஃப் மைதானத்தில் நடக்கப் போவார். நடக்கும்போது, தான் பேட்டி கண்ட ஒரு பெண் ஊழியரைப் போன்ற ஒருவராகத் தன்னை நினைத்துக்கொண்டு, "எனக்கு இது வேண்டும், இது வேண்டாம்" என்று நடித்துப் பார்ப்பார். பெர்சோனாவின் ஆரம்பம் இதுதான். 1990-களின் இறுதியில் அவர் எழுதிய புத்தகம் இதை எல்லோரிடமும் கொண்டு சேர்த்தது.

அதில் வரும் ஒரு உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். விமான இருக்கைகளின் பின்புறத்தில் படம் பார்க்கும் திரை இருக்குமல்லவா, அதைத் திட்டமிடும் வேலை அவருடைய குழுவுக்கு சோனி ட்ரான்ஸ்காம் நிறுவனத்திடமிருந்து வந்தது. பல பயணிகளைப் பெர்சோனாவாக எழுதினார்கள். அவர்களில் ஒருவர் டெக்ஸாஸைச் சேர்ந்த முதியவர். கையில் மூட்டுவலி. கம்ப்யூட்டர் பழக்கமே இல்லை. இவரால் முடிந்தால் எல்லோராலும் முடியும் என்று இவரையே முக்கியமானவராக வைத்துக்கொண்டார்கள். விளைவு, மெனு மேல் மெனு போகாமல், பழைய ரேடியோவில் திருகுவது போன்ற ஒரு பெரிய திருகு. அதைத் திருப்பினால் படங்கள் வரிசையாக நகரும். கம்ப்யூட்டர் கரைத்துக் குடித்தவர்களுக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கூப்பர் இன்னொன்றும் சொல்வார். "பயன்படுத்துநர்" என்ற வார்த்தை ரப்பர் மாதிரியாம். இது நூற்றுக்கு நூறு உண்மை. எனக்குப் பிடித்த வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், "பயன்படுத்துநர் புத்திசாலி, பழகிக்கொள்வார்" என்பேன். எழுதச் சோம்பலாக இருக்கும் வசதி என்றால், "பயன்படுத்துநர் இதையெல்லாம் கேட்க மாட்டார்" என்பேன். ரப்பரை நமக்கு வேண்டிய பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஒரு பெயரும் முகமும் வந்துவிட்டால் இழுக்க முடியாது.

நான் பட்ட பாடு

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மெடிக்கல் ஷாப்புகளுக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினோம். திரையைத் திட்டமிட்டது நான். கலர் நன்றாக இருந்தது, எல்லாமே மவுஸால் க்ளிக் செய்கிற மாதிரி. மருந்தின் எக்ஸ்பைரி தேதிக்கு அழகான காலண்டர் ஒன்று விரியும். முதல் கடையில் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டே வாரத்தில் கடைக்காரர் பழையபடி பில் புக்குக்குப் போய்விட்டார். சொல்லிக் கொடுத்தது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பிப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் ஒரு மாத்திரை அட்டையை என் முன்னால் நீட்டினார். "இதுல நாள் எங்க சார் போட்டிருக்கு? மாசமும் வருஷமும்தான இருக்கு? உங்க காலண்டர் நாளைத் தொடாம விடவே மாட்டேங்குது."

எனக்கு முகம் செத்துவிட்டது. அன்று மாலை ஐந்து மணியிலிருந்து கடை மூடும் வரை அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு வேறு மூன்று கடைகளிலும் அப்படியே. பார்த்ததை வைத்து எழுதியதுதான் எங்கள் செல்வி.

செல்விக்கு 24 வயது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. இடது கையில் எப்போதும் சீட்டோ மாத்திரை அட்டையோ இருக்கும், கீபோர்டுக்கு ஒரு கைதான் மிச்சம். கண் பாதி நேரம் வாடிக்கையாளர் மேல். மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்துத் தேடுவாள். பத்து மாத்திரை அட்டையில் நான்கு மட்டும் வெட்டிக் கொடுப்பது தினமும் நடக்கும். மாலை ஏழு மணிக்கு எதிரே எட்டுப் பேர் நிற்பார்கள். பில்லில் தப்பு வந்தால் முதலாளி திட்டுவார், வேகம் குறைந்தால் வாடிக்கையாளர் திட்டுவார்.

(முதலில் அவளுக்குப் பிடித்த பாட்டு, பிடித்த நிறம் எல்லாம் எழுதியிருந்தேன். எங்கள் டீம் லீடர் பேனாவால் அடித்துவிட்டார். திரையில் எதையும் மாற்றாத விவரம் தாளில் எதற்கு?)

இந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு மறுபடி திட்டமிட்டோம். மவுஸ் தேவையே இல்லை, எல்லாம் கீபோர்டு. காலண்டர் போயே போய்விட்டது. 0827 என்று அடித்தால் 2027 ஆகஸ்ட். எண்ணிக்கையில் வெறும் 4 என்று அடித்தால் நான்கு மாத்திரை, அட்டைக் கணக்கு வேண்டுமென்றால் கூட ஒரு எழுத்து. முன்பு அட்டைக் கணக்குதான் தானாக வந்துகொண்டிருந்தது.

சண்டை வந்தது முதலாளி விஷயத்தில். அவருக்கும் ஒரு பெர்சோனா எழுதியிருந்தோம். திரையைத் திறந்ததும் இன்றைய வியாபாரம், பாக்கி, கிராஃப் எல்லாம் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. பணம் கொடுப்பவர் அவர். ஆனால் அவர் அதைப் பார்ப்பது இரவு பத்து மணிக்கு ஒரு தடவை. செல்வி பில் போடுவது நாளைக்கு இருநூறு முந்நூறு தடவை. ஒரு திரைக்கு ஒரு ஆள்தான் முதன்மை என்பது பெர்சோனா முறையின் முக்கிய விதி. பில் திரையை செல்விக்கே விட்டுவிட்டு, முதலாளிக்குத் தனியாக ஒரு திரை கொடுத்தோம்.

செல்விக்குப் பிடிக்காது என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிடவும் முடியாது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, எச்1 பட்டியலில் இருக்கும் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் முதலியவற்றைப் பதிவு செய்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் சட்டம்தான். அந்தப் பட்டியல் மருந்து வரும்போது மட்டும் அந்தக் கட்டங்கள் தோன்றும்படி செய்தோம். முன்பு ஒவ்வொரு பில்லுக்கும் அவை வந்து நிற்கும்.

உங்களுக்கு இதில் என்ன?

உங்கள் கடைக்கோ அலுவலகத்துக்கோ யாராவது சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன் என்று வந்தால், என்னென்ன வசதி வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அதை நாள் முழுக்கத் தொடப்போகிறவர் பக்கத்தில் அவரை அரை நாள் உட்கார வையுங்கள். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து. "எல்லோருக்கும் ஏற்றது" என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேரை வாங்குமுன், கடையில் வேலை செய்பவரையே கூட்டிப்போய் ஒரு பில் போடச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னப் பயிற்சி செய்யலாம். உங்கள் கம்ப்யூட்டரை அப்பாவும் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வயதானவர், எதுவும் தெரியாது" என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் கவனியுங்கள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்க்கிறாரா? டபுள் க்ளிக் செய்யும்போது மவுஸ் நகர்ந்துவிடுகிறதா? உண்மையில் அவர் திறப்பது எத்தனை ப்ரோக்ராம்? எங்கள் அப்பா திறப்பது மூன்றே மூன்றுதான். பேத்தியின் போட்டோக்கள், பேங்க் பக்கம், செய்தித்தாள். டெஸ்க்டாப்பில் அந்த மூன்றை மட்டும் வைத்து, ஐகான்களைப் பெரிதாக்கி, டபுள் க்ளிக் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம் கழித்துத்தான் இதைச் செய்தேன். அதுவரை அவரும் "எனக்கு வராது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.