காத்திருப்பது யார்?

ஆரணியில் பட்டு நெய்கிறவருக்குச் சேலையை அறுத்துக் கொடுத்த பிறகே கூலி கைக்கு வருமாதலால், வியாதியால் தறி நின்ற மாதத்தில் வருமானம் நிற்பதும் வைத்தியச் செலவு புகுவதும் ஏககாலத்தில் நேர்கின்றன. ஆகவே காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பிரீமியம் எவ்வளவு என்பதைவிட, காப்பீட்டுப் பணம் வந்து சேரும்வரை காத்திருக்கப்போவது ஆஸ்பத்திரியா, நாமா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தவிர வேறொன்றை முதலில் நாடவேண்டிய அவசியமில்லை. 2012 ஜனவரியில் தொடங்கி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. (2005-06இல் கைத்தறி நெசவாளருக்கென்றே மத்திய அரசு கொண்டுவந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.) கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வரும் சிரமம் மட்டும் உண்டு. இங்கே பணத்துக்குக் காத்திருப்பது ஆஸ்பத்திரி. ஆனால் அக்காத்திருப்பு எல்லை மீறினால் கஷ்டம் நோயாளியின் தலையிலேயே வந்து விடியும்: 2025 ஆகஸ்டில் ஹரியானாவின் தனியார் ஆஸ்பத்திரிகள் பல, நிலுவையைக் காரணங்காட்டி ஆயுஷ்மான் பாரத் சிகிச்சையை நிறுத்தின. ஆகையால் அட்டை இருக்கிறதே என்று நிம்மதியாக இராமல், இன்ன வியாதிக்கு இன்ன ஆஸ்பத்திரியில் திட்டம் செல்லுமா என்பதை 1800 425 3993 என்ற எண்ணில் முன்னதாகவே கேட்டுக்கொள்வது உசிதம்.

வருமான வரம்பைக் கடந்த தறி முதலாளிகளுக்கும் பட்டுக்கடைக்காரர்களுக்கும் உரியது தனியார் பாலிசி. அதில், கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் ‘கேஷ்லெஸ்’ வசதியையே நாடுக. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் அனுமதியைக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். வீடு திரும்பும் வேளையில் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தரவேண்டும். அதற்குமேல் தாமதித்தால் ஆஸ்பத்திரி கேட்கும் கூடுதல் கட்டணம் கம்பெனியையே சாரும். பிரீமியம் சற்று மிகுந்தாலும், ஆரணியிலும் வேலூரிலும் நாம் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தமுள்ள கம்பெனியே மேல்.

முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பில்லை அனுப்பித் திரும்பப் பெறும் முறையோ கடைசிபட்சம். தாமதமான தொகைக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தர விதியிருப்பது உண்மையே; நகையை அடகு வைத்தவருக்கு அந்த வட்டி எம்மாத்திரம்?

எந்தத் தனியார் பாலிசியானாலும் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தக்க பதில் வராவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.