நிலம் அளந்தாரும் ஏடு தொகுத்தாரும்

முதல் இராசராச சோழன் காலத்தே நிலம் அளந்த தலைவற்கு 'உலகளந்தான்' என்னும் பட்டம் வழங்கியமையைக் கல்வெட்டுப் பயில்வார் அறிவர். கும்பினியார் ஆட்சியிலும் அத்தகைய பதவியொன்று தோன்றிற்று. அதனைச் சர்வேயர் ஜெனரல் என்பர். 1767-இல் வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் என்பார் அப்பதவியை முதற்கண் ஏற்றார். படை செல்லும் வழியும் வரி கொள்ளும் நிலமும் அறிதலே அன்றைய அளவையின் நோக்கம். அதனை மறைத்துரைத்தல் தகாது.

சென்னைக்கும் பம்பாய்க்கும் தனித்தனியே தலைவர் இருந்தனர். 1815-இல் அப்பதவிகள் ஒன்றாக்கப்பட்டன. பின்னர் 1830 முதல் 1843 வரை இப்பதவி வகித்த எவரஸ்டு துரையின் பெயர் இமயச் சிகரத்தால் உலகறிந்தது. ஆயின், தமிழ் பயிலும் யாம் நினைதற்குரியார், 1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் தலைவரான காலின் மெக்கன்சி என்பாரே.

அவர் ஸ்காட்லாந்து நாட்டு லூயிஸ் தீவினர். 1783-இல் சென்னை வந்தவர். 1799-க்குப் பின் மைசூர் நாட்டை அளக்கப் புகுந்தவர், அளவுச் சங்கிலியோடு அமைந்தாரல்லர். சென்ற ஊர்தோறும் கல்வெட்டுகளைப் படியெடுப்பித்தார். ஓலைச் சுவடிகளையும் பழங்காசுகளையும் ஈட்டினார். ஊர் முதியோர் வாய்மொழியாகக் கூறிய வரலாறுகளையும் எழுதுவித்தார். இத்தனைக்கும் நம் நாட்டு மொழிகளில் அவர்க்குப் புலமை இல்லை! கண்ணும் நாவுமாய் உடனிருந்து உதவியவர் காவலி வேங்கட போரையா என்னும் தெலுங்கர். 1803-இல் அவர் மறைய, தம்பி இலக்குமையா அப்பணியை ஏற்றார். கூலியாட்கள் என்று இவர்களைக் கருதுவது பெரும் பிழை. எவ்வூரில் எவரிடம் ஏடுண்டு, எதனை எங்ஙனம் கேட்டால் தருவர் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் இவர்களே.

மெக்கன்சி 1821-இல் கல்கத்தாவில் பதவியிலிருக்கும்போதே காலமானார். அவர் தொகுப்பைக் கும்பினியார் அவர்தம் மனைவியாரிடமிருந்து விலைக்கு வாங்கினர். 1828-இல் வில்சன் என்பார் அதற்கு அட்டவணை வெளியிட்டார். ஒரு பகுதி இலண்டன் சென்றது. சென்னைக்கு வந்த பகுதி அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. சில ஊர்களின் பழைய வரலாற்றுக்கு இன்றும் அவ்வேடுகளே சான்று.

விட்ட பணியைத் தாமே தொடர்வதாக இலக்குமையா விண்ணப்பித்தார். அத்துணைப் பெரும்பணிக்கு அவர் தகுதியுடையரல்லர் என்று கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்தார் மறுத்துவிட்டனர்.