நீளமான பொருளை உடையாமல் அனுப்புவது எப்படி?

அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் பழைய துப்பாக்கியைப் பார்க்கும்போது, அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? கடல் கடந்து, பல கைகள் மாறி, லாரியிலும் விமானத்திலும் குலுங்கி, கீறல் இல்லாமல் வந்திருக்கிறது. அந்தப் பயணத்துக்குப் பின்னால் நீங்கள் படிவம் 4-இல் படிக்கும் இயற்பியல்தான் நிற்கிறது.

‘பிரவுன் பெஸ்’ என்ற மஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ‘இந்தியா பேட்டர்ன்’ என்ற வகை, கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகச் செய்வித்தது. 1790-களில் பிரிட்டிஷ் இராணுவமும் அதை ஏற்றுக்கொண்டது. நீளம் ஏறக்குறைய 1.4 மீட்டர், எடை சுமார் 4.4 கிலோ. இரும்புக் குழல், வால்நட் மரக்கட்டை. இதை ஓர் ஐரோப்பிய அருங்காட்சியகம் நம் வட்டாரத்துக்குக் கண்காட்சிக்காக இரவல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். (உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடுங்குற்றம். இத்தகைய இரவலுக்கும் அரசின் அனுமதி முதலில் வேண்டும்.)

பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இவ்வகைத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகத்தான் இடுவார்கள். சுடாமல் மறந்துபோனால் அவை உள்ளேயே தங்கிவிடும். நூற்றாண்டுகள் கழித்தும் மருந்து நிரம்பிய துப்பாக்கிகள் கண்டெடுக்கப்பட்டதுண்டு. ஈரம் படாத கருமருந்து எத்தனை காலமானாலும் தீப்பிடிக்கும். ஆகவே வல்லுநர் ஒரு கோலைக் குழலுக்குள் இறக்கி, வாயருகே கோலில் அடையாளம் இடுவார். பிறகு அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து, அதன் நுனி குழலின் அடிவரை எட்டுகிறதா என்று பார்ப்பார். சில விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இனி பெட்டி. மஸ்கட்டின் பலவீனமான இடம் எது தெரியுமா? விசைக்குப் பின்னால், கை பிடிக்கும் இடத்தில் மரம் மெலிந்திருக்கும் ‘கழுத்து’. மரம் அதன் நார் ஓடும் திசையில் வலிமையானது. நாருக்குக் குறுக்கே எளிதில் பிளந்துவிடும். கழுத்து வளைந்திருப்பதால் அங்கே நார் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு, விசைப்பொறியைப் பொருத்த அதை ஒட்டியே மரத்தைக் குடைந்திருப்பார்கள். பெட்டி விழுந்து அடிக்கட்டை சட்டென்று நின்றாலும், சடத்துவத்தின் காரணமாக இரும்புக் குழல் தொடர்ந்து நகரப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கழுத்து முறியும். முறிந்ததை ஒட்டலாம். ஆனால் இருநூறு ஆண்டுகள் முழுதாக இருந்த மரம் திரும்பி வராது.

இப்போது கணக்கு. இடுப்பு உயரம், அதாவது 75 செ.மீ. உயரத்திலிருந்து பெட்டி நழுவுகிறது. தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 3.8 மீட்டர். இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் சுழியமாகிறது என்பதே முக்கியம். சீராக வேகம் குறைவதாகக் கொண்டால், விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் போதும். வேகக் குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். வெறும் பலகையில் மோதி 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் 750-ஐ 2-ஆல் வகுக்க, 375 மடங்கு. மஸ்கட்டின் எடை சுமார் 43 நியூட்டன். விசை 16,000 நியூட்டனைத் தாண்டுகிறது. நுரைப்பஞ்சு 3 செ.மீ. அமுங்கி நிறுத்தினால் 25 மடங்கு மட்டுமே, அதாவது ஏறக்குறைய 1,100 நியூட்டன். உந்த மாற்றம் இரண்டிலும் ஒன்றுதான். நேரம் நீண்டதால் விசை குறைந்தது.

அப்படியானால் மிக மிருதுவான பஞ்சுதான் சிறந்ததா? இல்லை. அது முழுதாக நசுங்கி, பொருள் அடிப்பலகையில் இடித்துவிடும். கடினமான பஞ்சோ அமுங்காமல் பலகையைப் போலவே நடந்துகொள்ளும். பொருளின் எடைக்கும் அது அழுந்தும் பரப்புக்கும் ஏற்ற பஞ்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது.

எங்கே தாங்குவது என்பது அடுத்த கேள்வி. 60 செ.மீ. நீளமுள்ள மெல்லிய மணிலா அட்டைத் துண்டை இரு அழிப்பான்களின் மேல் வையுங்கள். முதலில் இரு முனைகளிலும் தாங்குங்கள். நடுவில் நன்றாகத் தொய்யும். பிறகு அழிப்பான்களை ஒவ்வொரு முனையிலிருந்தும் 13.4 செ.மீ. உள்ளே தள்ளுங்கள். தொய்வு ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். சீரான சட்டம் எதுவானாலும் இந்த இடம் நீளத்தில் சுமார் 22 விழுக்காடு. மஸ்கட் சீரானதல்ல என்பதால், அதன் உருவத்துக்கேற்ப வெட்டிய நுரைப்பஞ்சில் குழல் பகுதியையும் அடிக்கட்டையையும் தாங்கி, கழுத்தைச் சுமையில்லாமல் விடுவார்கள்.

நீளப் பெட்டிக்கே உரிய இன்னோர் ஆபத்து, யாராவது அதைச் சுவரோரம் நிமிர்த்தி வைப்பது. 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் வினாடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். அதே நீளமுள்ள, நிமிர்த்திய பெட்டி சாய்ந்தால் அதன் மேல்முனை 6.9 மீட்டர் வேகத்தில் மோதும்! பெட்டி முழுவதும் ஒரே கோண வேகத்தில் சுழல்வதால் அடிப்பகுதி மெதுவாகவும் நுனி மிக வேகமாகவும் நகர்கின்றன. 2.4 மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்கு அது சமம். அதனால்தான் அருங்காட்சியகப் பெட்டிகளை அகலமாகச் செய்து, அடியில் கட்டைகள் பொருத்தி, இருவர் தூக்கும்படி கைப்பிடி வைக்கிறார்கள். மூடியை ஆணி அடிக்காமல் திருகாணியால் பொருத்துவதும் காரணத்தோடுதான். ஒவ்வொரு சுத்தியல் அடியும் உள்ளே இருப்பதற்கு ஓர் அதிர்ச்சி.

கடைசி எதிரி நம் ஊர்க் காற்று. 30 பாகை செல்சியஸில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான் தங்க முடியும். மீதி நீராகப் படியும். கண்காட்சி முடிந்து பெட்டி குளிர்ந்த சரக்கு அறையில் திரும்பிப் போகும்போது இது நடந்தால் குழல் துருப்பிடிக்கும். ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் வைப்பது இதற்காகவே. வரும்போது சிக்கல் தலைகீழ். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குமல்லவா? குளிர்ந்த பெட்டியை வந்தவுடன் திறந்தால் இரும்பின் மேல் அதேபோல நீர் படியும். எனவே பொறுமையற்றவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும், பெட்டியைத் திறக்காமல் 24 மணி நேரம் அறையில் வைத்திருப்பார்கள். திறந்தபின், புறப்படும்முன் எடுத்த படங்களோடு ஒவ்வோர் அங்குலமாக ஒப்பிடுவார்கள். முதலில் பார்ப்பது கழுத்தைத்தான்.

நீங்களே செய்து பாருங்கள்: உங்கள் பள்ளி வயலின் 90 செ.மீ. உயரத்திலிருந்து விழலாம். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 40 மடங்கு வரைதான் தாங்கும் என்று கொள்வோம். நுரைப்பஞ்சு தன் தடிமனில் பாதிவரைதான் நன்றாக அமுங்கும் என்றால், எவ்வளவு தடிமனான பஞ்சு வேண்டும்?

(விடை: 4.5 செ.மீ.)