வடிகட்டும் துணியும் பாலாற்று நீரும்

நீரை மடித்த துணியில் வடிகட்டிப் பருகுதல் சிராவகர்களின் தொன்மையான ஒழுக்கம். வடித்தபின் துணியில் தங்கும் சிற்றுயிர்களை, எக்கிணற்றினின்று நீர் முகந்தோமோ அக்கிணற்றிலேயே மீண்டும் சேர்ப்பிக்க வேண்டும் என்பது அதன் பிற்பகுதி. அதனைப் பலர் மறந்துவிட்டனர். நீர்வாழ் உயிர்க்கு அந்நீரே இல்லம் என்பது அதன் உட்பொருள்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், வீண் தீங்கை விலக்கும் அனர்த்த தண்ட விரதத்தை விளக்குமிடத்துப் பிரமாத சரியையை ஒரு குற்றமாக எண்ணுகிறார். பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியன பிரமாத சரியை எனப்படும். பிரமாதம் என்பது ஈண்டு அசட்டை. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்டனவும் தாவரங்களும் ஓரறிவுயிர்கள் என்று கொள்ளும் நம் சமயத்திற்கு, இவற்றை மாசுபடுத்துதல் நேரான இம்சையே.

தொழில் நடத்துவோர் பயன் கருதியன்றோ செய்கின்றனர், அது எவ்வாறு அனர்த்தமாகும் என்று சிலர் வினவலாம். தோல் தொழிலின் அடிப்படை இம்சையை ஒருபுறம் வைப்போம். கழிவைத் தூய்மை செய்யாது ஆற்றில் விடுவதால் தோலின் தரம் சிறிதும் உயர்வதில்லை. செலவு ஒன்றே மிஞ்சுகிறது. அச்செலவையும் அண்டை நிலத்து உழவர் தலையில் ஏற்றிவிடுகின்றனர். இதனினும் தெளிவான அனர்த்தம் வேறுண்டோ!

நந்தி மலைப்பகுதியில் தோன்றி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியே செல்லும் பாலாற்றின் கதை இதுவே. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சராசரி 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பாழாயிற்று என்றும் உச்ச நீதிமன்ற வழக்கொன்றில் எடுத்துரைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த அத்தீர்ப்பில், முன்னெச்சரிக்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செய்தலும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. முன்னெச்சரிக்கை என்று நீதிபதிகள் கூறியதை அப்பிரமாதம் என்று நம் ஆசாரியர்கள் கூறினர். எனினும் இழப்பீட்டிற்கும் ஆற்றின் சீரமைப்பிற்கும் 2025 ஜனவரியில் அந்நீதிமன்றமே மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

இவ்வாற்றுப் பகுதி நமக்கு அயலானதன்று. ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில், திருப்பான்மலை அரிஷ்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு எடுப்பித்த செய்தியை முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. துறவு பூண்ட பெருமாட்டி ஒருவர் ஊருக்கு நீர் தேடித் தந்த நாடு இது.

நீரில் கரைந்த உப்பையும் குரோமியத்தையும் நம் துணி தடுக்காது. ஆகவே ஊர் நீரைச் சோதிக்கக் கோருதல், கிராம சபையில் முறையிடுதல் ஆகியவற்றையும் வடிகட்டும் ஒழுக்கத்தின் பகுதியாகவே கொள்ளுதல் தகும். தோல் இடைவாரையும் தோல் பையையும் ஜினாலய வாயிலில் கழற்றி வைக்கும் நாம், அவற்றைக் கடையில் வாங்கும்போதே சற்று நின்று எண்ணலாம்.