வேர் தேடித் தருபவருக்குப் பத்து அறிவுரைகள்

நம் வட்டத்தில் இப்படி ஒருவர் இருப்பார். பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட கல்யாணப் பத்திரிகையைப் படமெடுத்து அனுப்புவார். "உங்க தாத்தா இந்தப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கார், பாருங்க" என்று போன் செய்வார். அப்படியொரு நண்பராக விரும்பும் தம்பி தங்கைகள் அடிக்கடி வழி கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. காகிதத்துக்கு முன் ஆளைத் தேடுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "உங்க பாட்டனார் பேர் என்ன?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் "ஞாபகமில்லையே" என்று முடிந்துவிடும். முதல் மொட்டை எந்தக் கோயிலில், தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது, கருமாதிக்குப் பங்காளிகள் யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். ஊரும் உறவும் தானாக வந்து விழும். தலைமுறை தலைமுறையாகத் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் குடும்பம், குலதெய்வத்துக்கு மட்டும் மதுரைக்கு அந்தப் பக்கம் போகிறதென்றால், தேட வேண்டிய திசை அதுதான்.

2. பாகப்பிரிவினைப் பத்திரத்தை விடாதீர்கள். பழைய பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியிருப்பார்கள். சொத்து யார் வழியாக வந்தது என்று சொல்லும் பாராவில் இன்னொரு தலைமுறை கிடைக்கும். பாகப்பிரிவினை என்றால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். வீட்டில் பத்திரம் இல்லையா? சர்வே எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திர எண் தெரிந்தால் நகலுக்கு மனுப் போடலாம்.

3. பெண்களை வேறு இடத்தில் தேடுங்கள். 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்படும் வரை, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையாகப் பங்கு கிடையாது. ஆகவே அத்தைகளும் பெரியத்தைகளும் பழைய பாகப்பிரிவினையில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். மொய் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேர் கனமாக மொய் எழுதியிருந்தால், அந்த ஊரில் இந்த வீட்டுப் பெண் வாழ்ந்திருக்கிறாளா என்று விசாரியுங்கள். பரணில் கிடக்கும் சீர்வரிசை அண்டாவையும் குடத்தையும் இறக்கிப் புளி போட்டுத் துலக்குங்கள். கழுத்துப் பக்கம் வெட்டியிருக்கும் பெயரும் இனிஷியலும், சிலவற்றில் தேதியும், கண்ணுக்குத் தெரியும். பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுவாகவும் இருக்கலாம்.

4. அவரவர் வழிபடும் இடத்தில் விசாரியுங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். முஸ்லிம் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு. பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

5. பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். பெரியவர்கள் பலருக்கு அது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. "புயலடிச்ச வருஷம்", "அண்ணன் பிறந்து மூணாவது ஆடி" என்று வீட்டில் சொல்வதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

6. ஒரே பெயரைக் கண்டு ஒரே ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் அதே பெயர் இருக்கும். தகப்பன் பெயர், ஊர், காலம் மூன்றும் ஒத்துப்போன பிறகு வம்சாவளிப் படத்தில் கோடு போடுங்கள்.

7. கடல் கடந்து கேட்பவர்களுக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று பூர்வீக ஊரைக் கேட்கிறார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்புகூட இருக்கும். அந்த எண்ணை முதலில் கேளுங்கள். ஊர்ப் பெயரை அதிகாரி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஜில்லாவை அந்தக் காலத்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 'வட ஆர்க்காடு' என்றவுடன் வேலூருக்கு ரயில் ஏற வேண்டாம். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது வட ஆர்க்காட்டின் சில தாலுகாக்கள் அதோடு போயின. நீங்கள் தேடும் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

8. கிடைத்ததை இடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். படம் மட்டும் அனுப்பினால் அடுத்த வருஷம் அது எங்கே கிடைத்தது என்று உங்களுக்கே தெரியாது. எந்த ஊர், யார் வீடு, எந்தப் பதிவேடு, எத்தனையாவது பக்கம், என்று பார்த்தது என எழுதிச் சேர்த்துவிடுங்கள். போட்டோவின் முன்பக்கம் மட்டுமின்றிப் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையில் ஊர் இருக்கும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத குடும்பத்தின் பத்திரிகை கிடைத்தாலும் தூக்கி எறியாதீர்கள். விசாரித்து உரியவரிடம் சேர்ப்பித்தால் அவருக்குப் பெரிய உபகாரம்.

9. குடும்ப வாட்ஸப் குழுவில் முதலில் போடாதீர்கள். யாருக்கும் தெரியாத இரண்டாம் தாரம், தத்துப் பிள்ளை, கோர்ட்டுக்குப் போன சொத்து எல்லாம் பழைய காகிதத்திலிருந்து கிளம்பி வரும். உங்களிடம் கேட்டவருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். வெளியில் சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் வீட்டு முடிவு. உயிரோடு இருப்பவர்களின் விவரம் அவர்கள் சம்மதமில்லாமல் எங்கும் போகக் கூடாது.

10. வம்சாவளிப் படத்தில் சான்று இல்லாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ராஜ வம்சம், ஜமீன் பரம்பரை என்று கேட்க ஆசையாக இருக்கும். அதை உங்களையும் ஒப்புக்கொள்ள வைக்க வீட்டார் பார்ப்பார்கள். சாதிப் பெருமைக்குச் சாட்சி சொல்லவும் கூப்பிடுவார்கள். மறுத்துவிடுங்கள். கூலிக்குக் கப்பலேறியவர் பெயரும் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர் பெயரும் அந்தக் குடும்பத்துக்கு மெய்யான சொத்து. காகிதத்தைக் கண்டுபிடித்துச் சரிபார்த்துக் கொடுப்பது வரை நம் வேலை. அதில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்பதை அவர்களுக்கு விட்டுவிட்டு, அந்த வீட்டு இளையவர் ஒருவருக்குப் பத்திரம் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த தலைமுறையை அவர் தேடிக்கொள்வார்.