பழைய வோக்ஸ்வாகன் வண்டியின் முகப்புக் கண்ணாடி

1964ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியின் முகப்புக் கண்ணாடி தட்டையானது. ஆகலின் அதனைக் கழற்றிப் பூட்டுதல் எளிதென்று எண்ணுவார் பலர். யானும் அங்ஙனமே எண்ணினேன்.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையில் இரு பள்ளங்கள் உண்டு. ஒன்று கண்ணாடியைக் கவ்வும். மற்றொன்று வண்டியின் தகட்டு விளிம்பைக் கவ்வும். உயர்வகை வண்டிகளில் வெளிமுகத்தே ஒரு பிளவும் உண்டு. அதில் அலுமினிய அணிப்பட்டை இரு பாதிகளாகப் பொருந்தும். கண்ணாடி வண்டியில் ஏறுமுன்னரே இதனைப் பதித்துவிடல் வேண்டும் என்க. யான் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாமென்றிருந்தேன். தகட்டில் ஏறிய ரப்பர் இறுகிப் பிளவை மூடிக்கொண்டது. அரைநாள் முயன்றும் பட்டை வளைந்ததேயன்றி உட்புகவில்லை. மெல்லிய அலுமினியம் ஒருமுறை மடிந்தால் அவ்வடு எளிதில் மறைவதன்று. புதிய பட்டை வாங்க நேர்ந்தது.

முறை யாதெனின், முதற்கண் தகட்டு விளிம்பின் துருவைச் சுரண்டி வர்ணம் பூசி உலரவிடுக. பழைய ரப்பரின் அடியில் தங்கிய நீர் அவ்விடத்தையே அரித்திருக்கும். புதிய ரப்பரை வெயிலில் இளக்கிக் கண்ணாடியிற் பூட்டி, அணிப்பட்டையைப் பதித்தபின், தகடு நுழையும் பள்ளத்தில் உறுதியான கயிற்றைச் சுற்றிலும் இட்டு, இரு நுனிகளும் கீழ்நடுவில் ஒன்றையொன்று கடந்து தொங்குமாறு செய்க. வழுக்குதற்குச் சோப்பு நீரே ஏற்றது. கிரீசும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளிருப்பவர் கயிற்றைச் சிறிது சிறிதாக இழுப்பாராயின், ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி அமரும். குத்துதல் கூடவே கூடாது.

இரண்டாம் முறை பூட்டியபின் குடம் குடமாக நீர் ஊற்றிப் பார்த்தேன். வலக்கீழ் மூலையில் மட்டும் கசிந்தது. அங்கே உதடு உட்சுருண்டிருந்தது. மழுங்கிய மரச்சீவலால் நிமிர்த்தினேன், கசிவு நின்றது.