நூறு புத்தகப் பைகளும் ஒரு வரிக் கணக்கும்

புது வகுப்புத் தொடங்குகிற நேரம். பொத்துவில் பக்கத்து முதலாளி ஒருவர் வானில் நூறு புத்தகப் பைகளைக் கொண்டுவந்து கோமாரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பதாகை கட்டவில்லை, படம் எடுக்கவும் ஆள் கூட்டி வரவில்லை. வான் பிரதான வீதிக்கு ஏறுவதற்குள் சந்தித் தேநீர்க்கடையில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

“சும்மாவா கொடுக்கிறார்? எல்லாம் வரியில கழிக்கத்தான்.”

பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர், “இல்ல, அது ஸகாத்துக் காசு. அந்த அளவுக்கு அரசாங்கம் வரியில விட்டுடும்” என்றார். மூன்றாமவர், “பதிஞ்ச சங்கத்துக்கு ஊடாகக் கொடுத்திருந்தா வரியே இல்ல காக்கா” என்றார்.

மூன்றும் பிழை. ஒரு பை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு பை 2 லட்சம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஊரில் உலவும் இன்னும் இரண்டு நம்பிக்கைகளையும் சேர்த்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: தர்மம் கொடுத்த தொகை முழுவதும் வரியில் கழியும்.

உண்மை: 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு தனிநபர் தர்மத்துக்குச் சலுகை பெற மூன்று நிபந்தனைகள். கொடுப்பது பணமாக இருக்க வேண்டும். பெறுவது நோயாளரையோ வறியோரையோ ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்கும் நிறுவனமாக இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தை அமைச்சர் அங்கீகரித்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினாலும் எல்லை உண்டு: வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கம்பனி என்றால் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 5 லட்சம்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். 75,000 கழிவது வருமானத்தில், கட்ட வேண்டிய வரியில் அல்ல. ஆக உயர்ந்த 36 வீதப் படியில் இருப்பவருக்கு மிஞ்சுவது 27,000 ரூபாய். 6 வீதப் படியில் நிற்பவருக்கு 4,500. 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 லட்சம் வரை வருமான வரி இல்லை. அதற்குள் உழைப்பவர் எவ்வளவு கொடுத்தாலும் கழிக்க ஒன்றும் இல்லை.

நம் முதலாளி கொடுத்தது பை, பணம் அல்ல. கொடுத்தது பிள்ளைகளின் கையில், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் அல்ல. அவருக்குக் கிடைக்கும் சலுகை பூச்சியம்.

அரசுக்கோ, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றத்துக்கோ, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற அரச பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்தால் கதை வேறு. பணமாகவும் கொடுக்கலாம், பொருளாகவும் கொடுக்கலாம். அந்த 75,000 எல்லையும் இல்லை. அரசின் கைக்குப் போகும் கொடைக்கு வாசல் அகலம். ஏழைப் பிள்ளையின் தோளில் நேரே மாட்டிவிடும் பைக்கு வாசலே இல்லை.

நம்பிக்கை 2: ஸகாத் என்ற கட்டாயத் தர்மத்தைக் கொடுத்தால் அந்த அளவுக்கு வரி குறையும்.

உண்மை: இது மலேசியாவில் நடப்பது. அங்கே தனிநபர் உரிய அமைப்புக்குச் செலுத்தும் ஸகாத், அவர் கட்ட வேண்டிய வருமான வரியிலேயே கழிகிறது. பாகிஸ்தானில் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ரமழான் முதல் நாளில் வங்கியே சேமிப்புக் கணக்கில் இரண்டரை வீதம் பிடிக்கும். இலங்கையின் வருமான வரிச் சட்டத்தில் ஸகாத்துக்கென்று கழிவு எதுவும் இல்லை. கல்முனையில் கடை வைத்திருப்பவர் ஸகாத்தைத் தனியாகவும் வரியைத் தனியாகவும் கொடுக்கிறார்.

ஆனால் ஸகாத்துக்குள்ளேயே நுட்பமான ஒரு வரிக்கொள்கை இருக்கிறது. நெல்லுக்கு, மழையை நம்பி விளைந்தால் பத்தில் ஒரு பங்கு. செலவழித்து நீர் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று. ஒரு குறித்த அளவுக்குக் குறைந்த விளைச்சலுக்குக் கடமையே இல்லை. செலவு பட்டவனுக்குப் பாதி, சிறியவனுக்கு விலக்கு. நவீன வரிச் சட்டங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அம்பாறை விவசாயி களத்துமேட்டில் நின்று மனக்கணக்காகப் போடுகிறார்.

நம்பிக்கை 3: சங்கத்தைப் பதிந்துவிட்டால் வரிவிலக்குத் தானாக வரும்.

உண்மை: இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஊர்ச் சங்கமொன்றின் பொருளாளராக இருந்தபோது கொழும்பு நிறுவனம் ஒன்று உதவ முன்வந்தது. அவர்களின் கணக்காளர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்களை அங்கீகரித்த வர்த்தமானி இருக்கா?” நான் சட்டம் போட்டு மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினேன். மரியாதையாக நன்றி சொன்னார்கள். காசு வேறெங்கோ போனது.

பதிவு வேறு, வரி அங்கீகாரம் வேறு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தொண்டு நிறுவனமாகப் பதியலாம். கம்பனிச் சட்டத்தின் கீழும் பதியலாம். பள்ளிவாசல்களும் வக்புச் சொத்துகளும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இவற்றில் எதுவும் கொடையாளிக்கு வரிச் சலுகை வாங்கித் தராது.

அதற்கு மேல், அரச சார்பற்ற நிறுவனம் தானே வரி கட்ட வேண்டி வரலாம். அதற்கு வரும் கொடைகளில் 3 வீதத்தை வருமானம் என்று கருதி அதன்மேல் வரி விதிக்கிறது சட்டம். 10 லட்சம் ரூபாய் கிடைத்தால் 30,000 ரூபாய் வருமானமாகக் கருதப்படும். 30 வீதப்படி 9,000 ரூபாய் வரி. இடம்பெயர்ந்தோரின் புனர்வாழ்வு, மனிதாபிமான நிவாரணம் போன்ற பணிகளுக்கு உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் இந்த வரியைக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். ஆனால் கணக்கைக் காட்டிக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை 4: வெளிநாட்டுக் காசென்றால் அங்கேயுள்ள அரசாங்கமும் பங்கு போடும்.

உண்மை: பிரித்தானியாவில் வரி கட்டுபவர், அங்கே அங்கீகாரம் பெற்ற தர்ம நிறுவனத்துக்கு 100 பவுண் கொடுத்தால் அந்த நிறுவனம் அரசிடமிருந்து இன்னும் 25 பவுண் கேட்டுப் பெறலாம். தம்பியின் கணக்குக்கு அனுப்பி ஊரில் பகிரச் சொல்லும் காசுக்கு இது கிடையாது. கட்டாரிலும் சவூதியிலும் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. எனவே அங்கிருந்து நம் கரைக்கு வரும் ஸதகா என்ற தர்மத்துக்குக் கழிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அது வெறும் மனசுக் காசு.

நம்பிக்கை 5: தர்மச் சாமானுக்கு அரசாங்கம் வரி எடுக்காது.

உண்மை: 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அப்படிப்பட்ட பேரழிவுக்கே சலுகை நிரந்தரமாக நிற்கவில்லை. 2005 ஜூனில் ஒக்ஸ்பாம் நிறுவனம் நிவாரண வேலைக்கென இறக்கிய 25 வாகனங்களுக்குச் சுங்கத் தீர்வையாக ஏறத்தாழ 10 லட்சம் டொலர் கட்டியது. தொடக்கத்தில் தந்த தீர்வைச் சலுகையின் காலம் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

இனி நம் பைகளுக்கு வருவோம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். வரிக்குப் பதிந்த வியாபாரியிடம் 2,000 ரூபாய்க்கு வாங்கிய பையில் 305 ரூபாய் அந்த வரி. நூறு பைக்கு 30,508 ரூபாய். பிள்ளைக்குப் பை, அரசுக்கு 30,508.

பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதே முதலாளி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்து, ஆக உயர்ந்த படியில் வரி கட்டுபவராகவும் இருந்திருந்தால் மிஞ்சக்கூடிய உச்சத் தொகை 27,000. பை வாங்கும்போதே அதைவிடக் கூடுதலாக வரி போய்விட்டது.

அப்படியென்றால் சலுகையால் பயனே இல்லையா?

உண்டு. ஆனால் அது கொடைக்கு ஊற்று அல்ல, வாய்க்கால். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பாருங்கள்: சமுர்த்தி பெறும் குடும்பத்துப் பெண் ஒருவருக்குக் கடை போட்டுக் கொடுத்தால், சமுர்த்தித் திணைக்களத்தின் சிபாரிசோடு, அந்தச் செலவைக் கழிக்கலாம் என்று சேர்த்தார்கள். கொடுக்க நினைத்தவரின் கையை ஒரு பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு அது. இப்படி ஒரு வழி இருப்பது சந்தியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் பக்கத்துக் கொடை பெரும்பாலும் மானாவாரி. மழை பெய்தால் விளையும். அணைக்கட்டைக் கேட்டு விளைவதில்லை. வருமான வரியே கட்டாதவரும் நோன்புப் பெருநாளுக்குப் பித்ரா அரிசி அளக்கிறார், கோயில் அன்னதானத்துக்கு மூடை இறக்குகிறார். வாய்க்கால் தண்ணீரும் வேண்டும் என்கிற சங்கங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்: தொடர் இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, ஆண்டுக்கு ஒருமுறை கணக்காய்வு, தகுதி இருந்தால் அங்கீகாரத்துக்கு ஒரு விண்ணப்பம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தவர்கள் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி, நவம்பர் 30க்குள் போடும் வருமான விவரத்திரட்டில் காட்டினால் போதும்.

தேநீர்க்கடையில் இந்தக் கணக்கைச் சொன்னேன். முதல் தீர்ப்புச் சொன்னவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப அந்த மனுசன் 2 லட்சத்துக்குப் பை வாங்கி, முப்பதாயிரம் வரியும் கட்டிட்டுப் போயிருக்காரா?”

ஆமாம் என்றேன். தேநீருக்கு அன்று அவரே காசு கொடுத்தார்.